தூணில் நிற்கும் மனிதர் யார்?



கோயிலுக்குப் போகும்போது டியூப் லைட்டை அண்ணாந்து பார்த்திருக்கிறீர்களா? வெளிச்சம் வருகிற இடத்தைவிட எழுத்து இருக்கிற இடம்தான் அதிகமாக இருக்கும். 'உபயம்' என்று ஆரம்பித்து, கொடுத்தவர் பெயர், அவருடைய அப்பா பெயர், கடைப் பெயர், ஊர்ப் பெயர் என்று பெயின்டில் எழுதித் தள்ளியிருப்பார்கள். மின்விசிறியின் இறக்கையில் பெயர். மணியில் பெயர். படிக்கட்டில் பெயர். "இப்படி எழுதினால் வெளிச்சம் எங்கேயிருந்து வரும்?" என்று தாத்தாக்கள் முணுமுணுப்பதும் உண்டு.

சிரிக்காதீர்கள்! இந்தப் பழக்கத்துக்கு ஆயிரம் வயதுக்கு மேல் ஆகிறது. அந்தக் காலத்தில் டியூப் லைட் கிடையாது, பெயின்ட் டப்பா கிடையாது. ஆனால் கல் இருந்தது, உளி இருந்தது. கோயிலுக்குக் கொடுத்தவர்கள் தங்கள் பெயரைக் கல்லில் வெட்டி வைத்தார்கள். சிலர் இன்னும் ஒரு படி மேலே போய், தங்கள் உருவத்தையே செதுக்கி நிறுத்திவிட்டார்கள்!

இன்றைக்கு நாம் தேடப் போவது அந்தக் கல் மனிதர்களைத்தான்.

இரண்டு கை போதும்

கள்ளக்குறிச்சியில் இருந்து தேடலை ஆரம்பிப்போம். மேற்கே பார்த்தால் கல்வராயன் மலை நீளமாகப் படுத்திருக்கும். மலையில் இருந்து கோமுகி ஆறு இறங்கி வரும். அந்த அடிவாரத்து ஊர் ஒன்றில் பழைய கோயிலுக்குள் நீங்கள் நுழைகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மண்டபத்துத் தூண்களில் யாளி இருக்கிறது, அனுமார் இருக்கிறார், பிள்ளையார் இருக்கிறார். ஒரு தூணில் மட்டும் யாரோ ஒருவர் கை கூப்பி நிற்கிறார். பூ இல்லை, பொட்டு இல்லை, யாரும் விளக்கு ஏற்றவில்லை. பக்கத்தில் இருக்கும் பாட்டியைக் கேட்டால், "யாரோ ராஜா போல..." என்பார்.

இவர் சாமியா, மனிதரா? கண்டுபிடிப்பது சுலபம். முதலில் கையை எண்ணுங்கள். சாமி சிலைகளுக்குப் பெரும்பாலும் நான்கு கை இருக்கும். சங்கு, சக்கரம், மான், மழு என்று எதையாவது ஏந்தியிருப்பார்கள். இவருக்கு இரண்டே கை. அதுவும் கூப்பிய கை. அடுத்து, அவர் முகம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கவனியுங்கள். பல இடங்களில் கருவறைப் பக்கமாகவே திரும்பி இருப்பார். சாமி நம்மைப் பார்க்கும். இவர் சாமியைப் பார்ப்பார். மூன்றாவது, இடுப்பு. அங்கே குத்துவாளோ, மடிப்பு மடிப்பாகக் கட்டிய பட்டுத்துணியோ தெரியும். தலையில் கிரீடத்துக்குப் பதில் ஒரு பக்கமாகச் சாய்ந்த கொண்டையோ, குல்லாய் போன்ற தலைப்பாகையோ இருக்கலாம்.

(அனுமாரும் கை கூப்பித்தான் இருப்பார். வாலைப் பார்த்து முடிவு செய்துகொள்ளுங்கள்!)

இந்த மூன்றும் பொருந்தினால், நீங்கள் பார்ப்பது அந்த மண்டபத்தையோ கோபுரத்தையோ கட்டிக் கொடுத்தவராக இருக்கலாம். அறிஞர்கள் இதைக் 'கொடையாளர் சிற்பம்' என்று சொல்கிறார்கள். ஆனால் அவர் பெயர் என்ன? அங்கேதான் சிக்கல். பெயர் எழுதாத கல் வாய் திறக்காது.

நாய்க்கும் பெயர் உண்டு

கல்வராயன் மலைக்கு வடக்கே இருக்கிறது செங்கம் வட்டாரம். அங்கே வயல் ஓரத்திலும் ஏரிக்கரையிலும் நடுகற்கள் நிறையக் கிடைத்திருக்கின்றன. ஊருக்காகச் சண்டை போட்டு இறந்த வீரனுக்கு ஊரார் நட்டு வைத்த கல்தான் நடுகல்.

அதில் ஒன்று எடுத்தனூர் என்ற ஊரில் இருக்கிறது. பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்துக் கல். அதாவது சுமார் 1,400 ஆண்டுகள் பழசு. வில்லும் கையுமாக ஒரு வீரன். அவன் பின்னால் ஒரு நாய். மாடு பிடிக்கும் சண்டையில் அந்த வீரன் இறந்துவிட்டான். நாய் விடவில்லை, இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காவல் காத்து நின்றதாம். இதை யார் சொன்னது? அந்தக் கல்லிலேயே எழுதியிருக்கிறது! நாயின் பெயர் கோவிவன். பதினான்கு நூற்றாண்டு கழித்தும் ஒரு நாயின் பெயர் நமக்குத் தெரிகிறது. ஆனால் நம் மண்டபத் தூணில் நிற்கிற பெரிய மனிதரின் பெயர் தெரியவில்லை. எழுத்து செய்கிற வேலையைப் பார்த்தீர்களா?

நடுகல்லை மற்றவர்கள் வைத்தார்கள். கோயிலில் கொடுத்தவரே தன் பெயரை வைத்தார். அதற்கும் கள்ளக்குறிச்சி மாவட்டத்திலேயே நல்ல சாட்சி இருக்கிறது. (2019-ஆம் ஆண்டு விழுப்புரத்தில் இருந்து பிரிந்து தனி மாவட்டம் ஆனது, ஞாபகம் இருக்கிறதா?) உளுந்தூர்பேட்டை பக்கம் இருக்கிற திருநாவலூர்தான் அது. சுந்தரமூர்த்தி நாயனார் பிறந்த ஊர். முதலாம் பராந்தக சோழனின் மகன் ராஜாதித்தன் தன் படையோடு இந்தப் பகுதியில் தங்கியிருந்தான். அவன்தான் இங்கே சிவன் கோயிலைக் கல்லால் கட்டினான் என்று கல்வெட்டு சொல்கிறது. கோயிலுக்கே 'ராஜாதித்தேசுவரம்' என்று பெயர்!

அவன் மட்டுமா? அவன் படையில் கேரளத்தில் இருந்து வந்த போர்வீரர்கள் இருந்தார்கள். ஊரை விட்டு வெகுதூரம் வந்து, முகாமில் கிடந்தவர்கள். அவர்களும் இந்தக் கோயிலில் விளக்கு எரிக்கக் கொடை கொடுத்திருக்கிறார்கள். அந்தக் காலத்தில் ஒரு விளக்கு எப்போதும் எரிய, பெரும்பாலும் 90 அல்லது 96 ஆடு கொடுப்பார்கள். ஆட்டை வைத்துக்கொள்பவர் தினமும் நெய் அளந்து தர வேண்டும். ஆடு செத்தால்? கிழடானால்? குட்டிகள் வந்து கணக்கைச் சரிக்கட்டிவிடும். அதனால் கல்வெட்டுகள் இவற்றைச் 'சாவா மூவாப் பேராடு' என்று அழைக்கின்றன. சாகாத, மூப்படையாத ஆடு! எனக்கு மிகவும் பிடித்த கல்வெட்டுச் சொல் இது.

ராஜாதித்தன் 949-இல் தக்கோலத்துப் போரில் யானை மேல் இருந்தபடியே உயிர்விட்டான். அவன் முகம் எப்படி இருந்தது என்று நமக்குத் தெரியாது. பெயர் மட்டும் திருநாவலூரில் நின்றுவிட்டது.

பெயரும் உருவமும் சேர்ந்த இடம்

இரண்டும் சேர்ந்து கிடைத்தால் எப்படி இருக்கும்? அதைப் பார்க்கக் காவிரிக் கரைக்குப் போக வேண்டும். மயிலாடுதுறை மாவட்டத்தில் கோனேரிராஜபுரம் என்று ஓர் ஊர். பழைய பெயர் திருநல்லம்.

இந்தக் கோயிலைக் கல்லால் எடுப்பித்தவர் செம்பியன் மாதேவி. சோழ ராணி. கணவர் கண்டராதித்த சோழர். 957-ஆம் ஆண்டு வாக்கில் அவர் இறந்துவிட்டார். ராணி அதன்பிறகு பல பத்தாண்டுகள் வாழ்ந்து, செங்கல்லாக இருந்த கோயில்களை ஒவ்வொன்றாகக் கருங்கல்லாக மாற்றினார். உங்களுக்குப் பக்கத்தில் இருக்கிற விருத்தாசலம் கோயிலிலும் அவர் திருப்பணி உண்டு.

திருநல்லத்தில் கருவறையின் தெற்குச் சுவரில் ஒரு சிறிய சிற்பம் இருக்கிறது. ஒருவர் சிவலிங்கத்தைத் தொழுகிறார். அதன் கீழே கல்வெட்டு. விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன்: என் மகன் உத்தம சோழன் ஆட்சி செய்யும் காலத்தில், என் கணவர் கண்டராதித்தரின் பெயரால் இந்தக் கற்கோயிலைக் கட்டினேன், இறைவன் திருவடியைத் தொழுகிறவராக இங்கே வைக்கப்பட்டிருக்கும் கண்டராதித்த தேவர் இவர்.

நீளமான வாக்கியம். அது முடிகிற சொல்லைக் கவனித்தீர்களா? 'இவர்'. விரலை நீட்டிக் காட்டுவது போல இல்லை?

இதில் இன்னொன்றும் இருக்கிறது. கோயில் கட்டியவர் ராணி. கல்வெட்டு பெயர் சொல்லிக் காட்டுகிற உருவமோ கணவருடையது! உத்தம சோழன் ஆட்சி செய்தது 970 முதல் 985 வரை. அப்படியென்றால், சிற்பி உளியை எடுக்கும்போது கண்டராதித்தர் மறைந்து பத்துப் பன்னிரண்டு வருடமாவது ஆகியிருக்கும். இறந்துபோன கணவர் தினமும் சாமி கும்பிட வேண்டும் என்று ராணி நினைத்திருக்கிறார். அவரும் கும்பிட்டுக்கொண்டே இருக்கிறார், ஆயிரம் வருடத்துக்கும் மேலாக.

அதே கோயிலில், ராணியின் உத்தரவுப்படி கட்டட வேலையை நின்று நடத்தியவருக்கும் ஓர் உருவம் இருக்கிறது. ஆலத்தூரைச் சேர்ந்த சாத்தன் குணபட்டன் என்று அவர் பெயரையும் எழுதி வைத்திருக்கிறார்கள். ராணிக்கு நன்றி மறக்காத மனசு!

பிறகு, செம்பியன் மாதேவிக்கு யார் சிலை வைத்தது? அவர் பெயரிலேயே நாகப்பட்டினம் பக்கம் ஓர் ஊர் இருக்கிறது. அங்கேயுள்ள கோயிலில் ராஜேந்திர சோழன் காலத்தில் அவருக்கு ஒரு திருமேனி செய்து வைத்தார்கள்.

அசல் முகமா?

இங்கே ஒரு கேள்வி கேட்பீர்கள் என்று எனக்குத் தெரியும். "ஆள் இறந்த பிறகு செதுக்கினால், முகம் சரியாக இருக்குமா?"

நல்ல கேள்வி. அந்தக் காலத்துச் சிற்பிக்கு மூக்கு, கன்னம், மச்சம் எல்லாம் அப்படியே வர வேண்டும் என்ற கவலை இல்லை. ராஜா என்றால் அழகாக இருக்க வேண்டும், பக்தர் என்றால் பணிவாக இருக்க வேண்டும். அவ்வளவுதான். அதனால் ஆளை அடையாளம் காட்டுவது பெரும்பாலும் எழுத்துதான்.

சில சமயம் எழுத்து இருந்தும் சண்டை தீராது. மாமல்லபுரத்தில் ஆதிவராகர் குகைக் கோயில் இருக்கிறது. அதில் இரண்டு ராஜாக்கள் ராணிகளோடு இருக்கிறார்கள். ஒருவர் உட்கார்ந்திருக்கிறார், ஒருவர் நிற்கிறார். மேலே சிம்மவிஷ்ணு, மகேந்திரன் என்று பெயரும் இருக்கிறது. ஆனால் பல்லவர் குடும்பத்தில் ஒரே பெயரும் பட்டமும் தாத்தாவுக்கும் இருக்கும், பேரனுக்கும் இருக்கும். "இது எந்த சிம்மவிஷ்ணு? எந்த மகேந்திரன்?" என்று அறிஞர்கள் நூறு ஆண்டுகளாக வாதம் செய்கிறார்கள்!

நாயக்கர் காலத்துக்கு வந்தால் கதை மாறுகிறது. மதுரை புதுமண்டபத்தில் நாயக்க மன்னர்கள் பத்துப் பேர் தூண்களில் வரிசையாக நிற்கிறார்கள். மண்டபத்தைக் கட்டியவர் திருமலை நாயக்கர். அவரைப் பாருங்கள். நல்ல பருமனான உடம்பு, முன்னால் தள்ளிய தொப்பை! வேறு கோயில்களில் இருக்கும் அவர் சிலைகளிலும் அதே தொப்பைதான். சிற்பி அவரை நேரில் பார்த்திருக்கிறார் என்று தோன்றுகிறது அல்லவா? ராஜாவும், 'தொப்பையைக் குறைத்துச் செதுக்கு' என்று சொல்லவில்லை போலும். இன்றைக்கு செல்போனில் போட்டோ எடுத்து, முகத்தைப் பளபளப்பாக்கும் அண்ணன், அக்காக்கள் கவனிக்க!

ஜெர்மனியில் 12 பேர்

கொடுத்தவரைக் கல்லில் நிறுத்துவது நம் ஊர் வழக்கம் மட்டும் இல்லை. ஜெர்மனிக்கு ஒரு நடை போய் வரலாம்.

சாலே என்ற நதிக்கரையில் நௌம்பர்க் என்று ஒரு சிறிய ஊர். அங்கே ஒரு பழைய பேராலயம், அதாவது மிகப் பெரிய சர்ச். அதன் மேற்குப் பகுதியில் 12 பேர் ஆள் உயரத்துக்கு, சுவரை ஒட்டி வரிசையாக நிற்கிறார்கள். ஏசுநாதர் இல்லை, தேவதூதர்கள் இல்லை. எல்லாரும் அந்த ஆலயத்துக்குச் சொத்து கொடுத்த பிரபுக்களும் அவர்கள் வீட்டுப் பெண்களும்! நம் தூண் சிற்பங்களைப் போலவே, ஆளையும் ஒட்டி நிற்கும் தூணையும் ஒரே கல்லில் செதுக்கியிருக்கிறார்கள்.

ஆனால் இவர்கள் கை கூப்பவில்லை. வாளைப் பிடித்துக்கொண்டு ஒருவர். கேடயத்தில் கையை ஊன்றியபடி ஒருவர். ரெக்லிண்டிஸ் என்ற பெண் வாய் கொள்ளாமல் சிரிக்கிறாள். ஊட்டா என்ற சீமாட்டி, குளிருக்குப் போல அங்கியின் கழுத்துப் பட்டையைக் கன்னத்தோடு தூக்கிப் பிடித்திருக்கிறாள். ஸ்னோ ஒயிட் கார்ட்டூன் படத்தில் வருகிற பொல்லாத ராணியின் தோற்றம் இந்த ஊட்டாவைப் பார்த்துத்தான் வந்தது என்று சொல்வார்கள். பாவம், சிலை அழகாகத்தான் இருக்கிறது!

பார்த்தால் இப்போதுதான் பேசி முடித்தவர்கள் மாதிரி இருக்கும். ஆனால் விஷயம் தெரியுமா? சிலைகள் செய்தது 1250-ஐ ஒட்டி. அந்த மனிதர்களில் பலரும் வாழ்ந்ததோ அதற்கு சுமார் 200 ஆண்டுகளுக்கு முன்னால். சிற்பி அவர்களில் ஒருவரையும் பார்த்திருக்க முடியாது. முகம் முழுக்கக் கற்பனை. கேடயத்தில் எழுதிய பெயர்களை வைத்துத்தான் சிலரை அடையாளம் சொல்கிறார்கள். ஒரு கேடயத்தில் 'டீட்மார் பிரபு, கொல்லப்பட்டவர்' என்றுகூட லத்தீனில் எழுதியிருக்கிறது.

இருநூறு வருடம் கழித்து எதற்காகச் சிலை? அதற்கும் ஒரு தடயம் இருக்கிறது. 1249-ஆம் ஆண்டு அந்த ஆலயத்தின் பிஷப் டீட்ரிச் ஒரு கடிதம் வெளியிட்டார். அதில் ஆலயத்தை முதலில் நிறுவிய கொடையாளர்களின் பெயர்களை வரிசையாகச் சொல்லி, இப்போது கட்டட வேலைக்குப் பொருள் கொடுப்பவர்களுக்கும் அவர்களைப் போலவே பிரார்த்தனையில் பங்கு உண்டு என்றார். 'அவர்கள் கொடுத்தார்கள், நீங்களும் கொடுங்கள்' என்று அர்த்தம். நம் ஊர்த் திருப்பணி நோட்டீஸ் மாதிரி இல்லை?

2018-இல் யுனெஸ்கோ இந்த ஆலயத்தை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. ஆனால் ஒரு குறை உண்டு. இவ்வளவு அருமையான சிலைகளைச் செய்தவர் பெயர் யாருக்கும் தெரியவில்லை. 'நௌம்பர்க் மாஸ்டர்' என்று ஒரு பொதுப் பெயர் வைத்துச் சமாளிக்கிறார்கள்.

இந்த விஷயத்தில் நாம் ஜெயித்துவிட்டோம்! சிதம்பரம் நடராஜர் கோயிலின் வடக்குக் கோபுரத்துக்குப் போங்கள். விஜயநகரப் பேரரசர் கிருஷ்ணதேவராயர் 1516 வாக்கில், தம் வெற்றியின் நினைவாகக் கட்டிய கோபுரம் அது. உள்ளே ராயர் கை கூப்பி நிற்கிறார். அது எதிர்பார்த்ததுதான். ஆனால் அதே வாசலில் வேலை செய்த ஸ்தபதிகள் நான்கு பேரின் உருவங்களும் இருக்கின்றன, அளவுகோலோடு! பெயரும் எழுதியிருக்கிறது. ஒருவர் விருத்தகிரிக்காரர். விருத்தகிரி என்றால் விருத்தாசலம். கள்ளக்குறிச்சியில் இருந்து பஸ்ஸில் போய் வரும் தூரம். இன்னொருவர் அவர் மகன் விசுவமுத்து. மற்ற இருவர் அண்ணன் தம்பி. தம்பியின் பெயர் காரணாச்சாரி. அப்பாவும் மகனும், அண்ணனும் தம்பியும் சேர்ந்து சாரம் ஏறியிருக்கிறார்கள். பேரரசர் நிற்கிற கோபுரத்திலேயே அவர்களும் நிற்கிறார்கள்.

படித்துச் சொன்ன ஜெர்மானியர்

ஜெர்மனியைப் பற்றிப் பேசியதும் இன்னொருவர் ஞாபகம் வருகிறது. ஹூல்ஷ் என்ற ஜெர்மானியர். டிரெஸ்டன் நகரத்தில் பிறந்தவர். 1886-இல் சென்னை அரசாங்கத்தின் கல்வெட்டு அறிஞராக வேலைக்கு வந்தார். தமிழ்க் கல்வெட்டுகளைப் படித்துப் புத்தகமாக அச்சிட்டார்.

கல்வெட்டை எப்படிப் படி எடுப்பார்கள் தெரியுமா? கல்லைத் தண்ணீர் விட்டுக் கழுவுவார்கள். ஈரத் தாளை அதன்மேல் ஒட்டி, பிரஷ்ஷால் தட்டுவார்கள். தாள் எழுத்தின் பள்ளத்துக்குள் இறங்கும். பிறகு மை தோய்த்த பஞ்சுப் பொட்டலத்தால் மேலே ஒற்றுவார்கள். மேடான இடம் கறுப்பாகும், பள்ளமான எழுத்து வெள்ளையாக நிற்கும். இதற்கு 'மைப்படி' என்று பெயர்.

தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளை ஹூல்ஷ் வெளியிட்டார். அதில் ஒரு செய்தி. கோயில் நிர்வாகத்தைக் கவனித்த அதிகாரி ஆதித்தன் சூரியன் என்பவர், சில செப்புத் திருமேனிகளைச் செய்து வைத்தார். அப்பர், சம்பந்தர், நம் திருநாவலூர் சுந்தரர், அவர் மனைவி பரவையார்... இவர்களோடு 'பெரிய பெருமாள்' என்று ஒரு திருமேனி, லோகமாதேவியார் என்று ஒரு திருமேனி. பெரிய பெருமாள் என்பது ராஜராஜ சோழனையே குறிக்கும் என்பது அறிஞர்கள் கருத்து. லோகமாதேவி அவருடைய பட்டத்து ராணி. ஒவ்வொரு சிலையும் எத்தனை முழம், எத்தனை விரல் உயரம் என்றுகூடக் கல்லில் கணக்கு இருக்கிறது!

கல்வெட்டு சுவரில் இருந்தது. ஆனால் திருமேனிகள் கோயிலை விட்டுக் காணாமல் போயின. 2018-ஆம் ஆண்டு, சிலைக் கடத்தல் தடுப்புப் போலீசார் அகமதாபாத்தில் ஓர் அருங்காட்சியகத்தில் இருந்து ராஜராஜன், லோகமாதேவி சிலைகளை மீட்டுத் தஞ்சாவூருக்குக் கொண்டு வந்தார்கள். மேளதாளத்தோடு ஊரே திரண்டு வரவேற்றது. கல்வெட்டைப் படித்து அச்சிட்டு வைத்திருக்காவிட்டால், இப்படி இரண்டு சிலைகள் தஞ்சையில் இருந்தன என்பதே எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்?

நீங்கள் மிதித்தவர்கள்

ராஜா, ராணி கதையாகவே போகிறது என்று நினைக்காதீர்கள். திருவிடைமருதூர் கோயிலில் ஒரு பாவை விளக்கு இருக்கிறது. கையில் அகல் ஏந்தி நிற்கும் ஒரு பெண்; தோளில் ஒரு கிளி. அவள் தஞ்சை மராட்டிய அரச குடும்பத்தைச் சேர்ந்த அம்மணி என்ற பெண். தன் மாமன் மகன் பிரதாபசிம்மரைக் கல்யாணம் செய்துகொள்ள ஆசைப்பட்டு, நடந்தால் லட்ச தீபம் ஏற்றுகிறேன் என்று வேண்டிக்கொண்டாள். கல்யாணம் நடந்தது. 1853-இல் லட்சம் விளக்கு ஏற்றி, அதில் ஒரு விளக்காகத் தன்னையே வார்த்து வைத்துவிட்டாள்! எழுதியும் வைத்திருக்கிறாள்.

இன்னும் எளிமையானவர்களும் உண்டு. பல பழைய கோயில்களில் தரையைக் குனிந்து பாருங்கள். பாவுகல்லில் ஓர் ஆள் குப்புறப் படுத்து, கையைத் தலைக்கு மேலே கூப்பியபடி கோட்டுருவமாக இருப்பார். சாமியை விழுந்து கும்பிடுகிற நிலை. கோயிலுக்கு வருகிற பக்தர்களின் பாதம் தன்மேல் பட வேண்டும் என்பது அவர்கள் ஆசை. சில இடங்களில் பக்கத்திலேயே பெயரும் இருக்கும். நீங்களும் நானும் அவர்களை எத்தனை தடவை மிதித்திருப்போமோ! அவர்கள் விரும்பியதும் அதைத்தான்.

இப்போது அவர்களுக்குத்தான் ஆபத்து. தரை வழவழப்பாக இருக்கட்டும் என்று மேலே கிரானைட், டைல்ஸ் பதித்துவிடுகிறார்கள். அவ்வளவுதான், படுத்திருப்பவர் உள்ளே போய்விடுவார். தூணில் நிற்பவருக்குப் பளபளவென்று எனாமல் பெயின்ட் அடித்தால், காலடியில் இருந்த ஒரு வரி எழுத்து மூடிவிடும். அழுக்கை எடுக்கிறேன் என்று மணலை வேகமாகப் பீய்ச்சி அடித்தால் எழுத்தின் விளிம்பே தேய்ந்து போகும். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்வது இல்லை. கோயில் பளிச்சென்று இருக்க வேண்டும் என்ற ஆசையில்தான் செய்கிறார்கள். ஆனால் கோவிவன் என்ற நாய்க்குக் கிடைத்த அதிர்ஷ்டம் அந்த மனிதருக்குக் கிடைக்காமல் போய்விடுகிறது.

அடுத்த விடுமுறையில் கள்ளக்குறிச்சியில் இருந்து திருநாவலூர் பக்கமோ, விருத்தாசலம் பக்கமோ போனால் ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊர்க் கோயில் என்றாலும் சரிதான். கை கூப்பி நிற்பவரைக் கண்டால், எந்த மண்டபம், எத்தனையாவது தூண், எந்தத் திசை பார்க்கிறார், தலையில் என்ன, இடுப்பில் என்ன என்று எழுதுங்கள். அப்பாவிடமோ அம்மாவிடமோ செல்போன் இருந்தால், கோயிலில் அனுமதி கேட்டு ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். எழுத்து மாதிரி ஏதாவது தெரிந்தால் சாக்பீஸ், சுண்ணாம்பு தடவ வேண்டாம். ஆணியால் சுரண்டவே வேண்டாம்! டார்ச் லைட்டைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்து தானாகத் தெரியும். வரலாறு ஆசிரியரிடம் காட்டுங்கள். அவர் மூலமாகத் தொல்லியல் துறைக்கோ, பக்கத்தில் உள்ள அரசு அருங்காட்சியகத்துக்கோ எழுதலாம்.

ராஜராஜன் காலத்து எழுத்து என்றால் முதலில் ஒன்றும் புரியாது. புள்ளி இருக்காது, நெடிலும் குறிலும் குழப்பும். 'க', 'ட', 'ப' போன்ற சில எழுத்துகளை மட்டும் சட்டென்று கண்டுபிடித்துவிடலாம். அங்கிருந்து ஆரம்பியுங்கள்.